மூளைத்தண்டின் மறுபாதி

விலங்கு நோய் ஆய்வுக்கூடத்தின் பணியாளர் பதிவேட்டில் அவளுடைய பதவி ஒரே சொல்லில் முடிந்துவிடும்: கழுவுநர். காலை எட்டரைக்கு வந்து முந்தைய நாளின் குடுவைகளையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் கழுவி, காயவைத்து, அடுக்க வேண்டும். கொண்டுவரப்படும் மாதிரிகளை வாங்கி எண் போட வேண்டும். வெட்டும் மேசையில் தட்டு பிடிக்க வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவள் செய்தது இவ்வளவே. ஆயினும் அந்தக் கட்டடத்தில் கழுவுநர் எங்கே என்று கேட்டால் யாருக்கும் விளங்காது. ஃபைலக்கா என்று கேட்டால் வாயிற்காவலரே எழுந்துவந்து வழி காட்டுவார்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பதினோரு ஆண்டுகளுக்கு முன் ஒரே காலையில் இரண்டு தலைகள் வந்தன. ஒன்று நாயினுடையது, மற்றது ஆட்டினுடையது. இரண்டின் ஸ்லைடுகளுக்கும் எண் எழுதியவர் அப்போதிருந்த மூத்த டெக்னீஷியன். எண்கள் மாறிப்போயின. வெறிநோய் இருந்த நாய்க்கு இல்லையென்றும், இல்லாத ஆட்டுக்கு உண்டென்றும் அறிக்கை போனது. இரண்டு நாளில் தவறு வெளிப்பட்டது; கடிபட்டவர்களைத் தேடிப்பிடித்து ஊசி போட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. பிறகு விசாரணை நடந்தது. விசாரணை மலையைக் கெல்லி எலியைப் பிடித்தது. அந்த எலி அவள். "கழுவும் பணியாளரின் கவனக்குறைவால் எண் அழிந்தது" என்று மெமோ வந்தது. மூத்த டெக்னீஷியன் பாராட்டுரையோடு ஓய்வுபெற்றார். அவள் ஓராண்டு கழிவறை கழுவினாள்.

"நம்பர் எழுதினது நான் இல்ல சார்" என்று அவள் ஆய்வுக்கூடத் தலைவரான டாக்டரிடம் போய்ச் சொன்னாள்.

"சரிம்மா. அதுக்கு என்ன ஆதாரம்?" என்றார் அவர்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அவளை வீடுவரை துரத்தி வந்தது அந்த நியாயம்தான். கழிவறையிலிருந்து வெட்டும் மேசைக்குத் திரும்பிய நாள் முதல் அவளுடைய மேலங்கிப் பையில் நாலாக மடித்த தாளும் ஒரு பென்சிலும் குடியேறின. எந்தத் தலை, எத்தனை மணிக்கு, யார் கையில் வாங்கியது, யார் வெட்டியது, எந்தத் துண்டு எந்தக் கிண்ணத்தில் விழுந்தது என்பதெல்லாம் அதில் ஏறின. மாலையில் அவை வீட்டுப் பரணுக்குப் போயின. மாத வாரியாக நாடாவால் கட்டப்பட்ட நூற்றுச் சொச்சம் கட்டுகள். அவற்றின் தலைமாட்டில், கண்ணாடித்தாள் உறையிட்டுக் காக்கப்பட்ட அந்த மெமோ.

அவள் கணவர் தையற்காரர். "என் துணி வைக்க இந்த வீட்டுல ஒரு முழம் இடம் இல்ல. உன் பேப்பருக்குப் பரண் முழுசும் பட்டா போட்டாச்சு" என்பார்.

"துணி கிழிஞ்சா நீங்க தைச்சிருவீங்க. பேரு கிழிஞ்சா யாரு தைக்கிறது?"

"அதான் கிழியாம இருக்க உறை போட்டு வச்சிருக்கியே. வெயில்ல ஒரு நாள் காயவும் வையி."

அவள் கட்டை இறுக்கிப் பரணில் ஏற்றுவாள். ஆனால் அவர் வெட்டி மிஞ்சிய நாடாவைத்தான் கட்டுகளுக்குப் பயன்படுத்துவாள். அதை அவரும் கேளாமலே எடுத்து வைப்பார்.

கோபம் ஒன்றுதான் அவளை அந்த வேலையில் கட்டிவைத்தது என்று யாரேனும் நினைத்தால் அது பாதி உண்மை. மற்றப் பாதி இருட்டறையில் இருந்தது.

வேலைக்குச் சேர்ந்த நாலாம் ஆண்டில், டாக்டர் தொலைபேசிக்கு எழுந்து போன இடைவெளியில், நுண்ணோக்கிக்கு உறை போட உள்ளே போனவள் குனிந்து பார்த்துவிட்டாள். அண்ணாந்து பார்க்க வேண்டிய வானத்தை அன்று அவள் குனிந்து பார்த்தாள். கன்னங்கரிய வெளியில் பச்சைப் புள்ளிகள். தூசியாய்ச் சில, அவரை விதைபோலச் சில. ஒவ்வொன்றும் தன் சொந்த வெளிச்சத்தில் எரிவதுபோல் இருந்தது. ஒரு நாயின் மூளையைக் கண்ணாடியில் ஒற்றி, குளிர்ந்த அசிட்டோனில் ஊறவைத்து, சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளைச் சொட்டு விட்டுக் கழுவினால் மிஞ்சுவது இது. அந்தச் சாயம் வெறிநோய்க் கிருமியை மட்டுமே பிடித்துக்கொள்ளும். மற்ற அனைத்தும் கழுவும் நீரோடு போய்விடும். கழுவியவள் அவள். தன் கையால் கழுவிய தண்ணீருக்குத் தப்பி ஒட்டிக்கொண்டு நின்ற அந்தப் பச்சையை அவள் முதன்முறையாகப் பார்த்தாள். வெளியே வந்தபோது நடைபாதை வெளிச்சம் அழுக்காகத் தெரிந்தது.

எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு அன்று மறுபடி தொடங்கியது. பழைய தாள்களோடு எடைக்குப் போகவிருந்த ஆங்கிலக் கையேடு ஒன்றைக் கேட்டு வாங்கினாள். அகராதியும் பென்சிலுமாக, நாளுக்கு அரைப் பக்கம். முதல் தடவை படித்து முடிக்க மூன்று ஆண்டுகள் பிடித்தன.

படிக்கப் படிக்க அவளுக்கு வியப்பு கூடியதே ஒழியக் குறையவில்லை. அந்தக் கிருமிக்குத் துப்பாக்கிக் குண்டின் வடிவம்; ஊசிமுனையில் ஒரு ஊரே குடியிருக்கலாம் என்ற அளவு. அதற்குள் இருப்பவை ஐந்தே ஐந்து மரபணுக்கள், ஐந்தே ஐந்து கட்டளைகள். பல் பட்ட இடத்தில் நுழையும் அது இரத்தத்தில் கலப்பதில்லை. கலந்தால் உடம்பின் காவலர்கள் கண்டுகொள்வார்கள். தசைக்குள் சில நாளோ சில மாதமோ பதுங்கிக் கிடந்து, ஒரு நரம்பின் நுனியைப் பற்றிக்கொண்டு மேலே ஏறும். நாளுக்கு ஒரு விரல் நீளம், சில வேளை அதற்கும் குறைவு. காலில் கடிபட்டவனுக்கு வழி நீளம். முகத்தில் கடிபட்ட குழந்தைக்கு வழி விரற்கடைதான். அது நடந்துகொண்டிருக்கும் நாளெல்லாம் அந்த மனிதன் சாப்பிடுவான், சிரிப்பான், பேரம் பேசுவான், ஒன்றும் தெரியாது. மூளையை அடைந்தபின் அதே நரம்புகள் வழியே கீழிறங்கி எச்சில் சுரப்பிகளுக்குள் வந்து உட்காரும். சரியாக அந்த நேரம் பார்த்து நாய் கடிக்கத் தொடங்கும். விழுங்க முடியாமல் எச்சில் வழியத் தொடங்கும். ஐந்து கட்டளைகள் ஒரு நாயைத் தேராக்கி ஓட்டுகின்றன. அறிகுறி தெரிந்த பிறகு பிழைத்தவர்களை உலகம் முழுவதும் தேடினாலும் கைவிரல்களைச் சில தடவை மடித்து எண்ணிவிடலாம்.

அவ்வளவு பெரிய மரணத்துக்கு எதிரான முதல் ஆயுதம் என்ன என்று தேடியபோது கையேடு சொன்னது: சோப்பும் குழாய்த் தண்ணீரும், பதினைந்து நிமிடம். அந்தக் கிருமியின் மேலுறை கொழுப்பு; சோப்புக்கு அது கரைந்துவிடும். கழுவுநர் அந்த வரியின் கீழ் இரண்டு கோடு போட்டாள்.

ஒரு திங்கட்கிழமை பத்து மணிக்குப் பால்காரர் ஒருவர் பனிக்கட்டிப் பெட்டியோடு வந்தார். கூடவே அவர் மனைவி. பெட்டியில் இரட்டைப் பிளாஸ்டிக் உறைக்குள் பசுவின் தலை.

"செவலைப் பசு, மேடம். மூணு நாளா தண்ணி குடிக்கல. வாயில நுரை, கழுத்தை நீட்டி நீட்டிக் கத்துச்சு. நேத்து விழுந்திருச்சு. மாட்டு டாக்டர்தான் தலையை எடுத்து இங்க கொண்டுபோகச் சொன்னாரு."

"நான் மேடம் இல்ல, ஸ்லைடு கழுவுறவ. நாய் ஏதாவது கடிச்சுதா மாட்டை?"

"ரெண்டு மாசம் முன்னாடி ஒரு நாய் மூஞ்சியில கவ்வுச்சு. ஆறிப்போச்சு."

"நீங்க மாட்டு வாயில கைய விட்டீங்களா?"

பால்காரர் சற்றுப் பெருமையாகவே சிரித்தார். "விடாம? தொண்டையில தேங்கா மட்டை மாதிரி எதாவது சிக்கியிருக்கும்னு முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினேன். ஒண்ணும் இல்ல."

மாடு வைத்திருப்பவர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது; அன்பினால் செய்வது. விழுங்க முடியாத பசுவின் தொண்டையில் எதுவும் சிக்கியிருப்பதில்லை. விழுங்கு என்று சொல்ல வேண்டிய நரம்பு அணைந்திருக்கும். அவள் அவருடைய வலது கையைப் பார்த்தாள். கடைவாய்ப்பல் உரசிய மூன்று கோடுகள்.

"குழாய்க்கு வாங்க."

"கடிக்கவே இல்லீங்க அது. வெறி நாய்க்குத்தானே வரும்?"

"நாய்க்கு வந்ததை நாய் மாட்டுக்குக் குடுத்துச்சு. எச்சில் புண்ணுல பட்டாப் போதும், கடிக்கணும்னு இல்ல. முதல்ல கைய நீட்டுங்க."

சுவர்க் கடிகாரத்தில் பதினைந்து நிமிடம். நுரை வழிய நின்ற கணவரை மனைவி பார்த்துக்கொண்டே இருந்தார். "பதினெட்டு வருஷத்துல இந்த மனுஷன் இவ்வளவு நேரம் சோப்புப் போட்டு இப்பத்தான் பாக்குறேன். மாடு செத்தாத்தான் குளிப்பீங்கன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாம்."

"ரெண்டு நாள் முன்னாடி பட்டது. இப்பக் கழுவி என்ன புண்ணியம்?" என்றார் பால்காரர்.

"தாமதம்னாலும் கழுவணும். கழுவிட்டு நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. புண்ணைச் சுத்தி ஒரு மருந்து, தோள்ல தடுப்பூசி. அப்புறம், இன்னைய நாளை எண்ணாம, மூணாம் நாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள், இருபத்தெட்டாம் நாள்."

முழங்கைவரை பசுவின் தொண்டைக்குள் விட்ட மனிதரின் முகம் அப்போதுதான் வெளுத்தது. "அத்தனை ஊசியா?"

"ஊசியைக் கண்டா இவரு பின்வாசல் வழியா ஓடிருவாரு" என்றார் மனைவி. "ரிப்போர்ட்டு எப்ப வரும் அக்கா?"

வியாழக்கிழமை என்றாள் அவள். திங்கள் மாலையே மருத்துவமனையிலிருந்து பால்காரரின் மனைவி தொலைபேசியில் சொன்னார்: முதல் ஊசியும் புண்ணில் மருந்தும் ஆயிற்று, பசுவுக்கு நோய் இல்லையென்று ஆய்வுக்கூடம் எழுதிக்கொடுத்தால் மீதி ஊசியை நிறுத்தலாம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். "அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டாரு அக்கா. பேப்பர் வர்ற வரைக்கும் அடுத்த ஊசிக்கு அசையமாட்டேங்கிறாரு."

ஆக, ஒரு மனிதரின் உயிர் ஒரு தாளில் எழுதப்படப்போகும் ஒரு வரியில் தொங்கிக்கொண்டிருந்தது. தாளின் எடை என்ன என்று அவளைவிட அறிந்தவர் அந்தக் கட்டடத்தில் இல்லை.

செவ்வாயன்று இளம் டெக்னீஷியன் மண்டையோட்டைத் திறந்தார். மாட்டின் மண்டை தடித்தது. உடைத்ததில் வலப்பக்கத்து எலும்பு சிதறி உள்ளே அழுந்தியிருந்தது. அவர் எலும்புத் துண்டுகளை அகற்றாமல், எளிதாக எட்டிய இடப்பக்கத்திலிருந்து மூளைத்தண்டில் சுண்டுவிரல் நகமளவு வெட்டியெடுத்தார். தட்டைப் பிடித்திருந்த அவள் சொன்னாள்:

"தம்பி, மறுபக்கமும் எடுக்கணும். பெரிய மிருகத்துல கிருமி ஒரு பக்கம் மட்டும் ஏறியிருக்கலாம். தண்டை முழுசாக் குறுக்கே வெட்டணும்னு போட்டிருக்கு."

"எங்க போட்டிருக்கு?"

"கையேட்டுல. நாப்பத்தொண்ணாம் பக்கம்."

"அக்கா, நாய் மூளையில நான் ஆயிரம் வெட்டியிருக்கேன். நீங்க கழுவுறதைப் பாருங்க, நான் வெட்டுறதைப் பாக்குறேன். ரெண்டு பேரும் நல்லா இருப்போம்."

அவர் கெட்டவர் அல்லர். நாய்த்தலைகளே வந்துகொண்டிருந்த இடத்தில் நாயின் அளவே அவருக்கு உலகின் அளவாகிவிட்டது. அவள் வாதாடவில்லை. மேலங்கிப் பையிலிருந்து தாளை எடுத்தாள்: செவ்வாய், பதினொன்று இருபது, தண்டு, இடப்பக்கம் மட்டும். மிச்சத் தண்டை, பதிந்திருந்த எலும்புச் சில்லுகளோடேயே எடுத்து, எண்ணிட்ட டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தாள். அறிக்கையில் கையெழுத்து விழும்வரை மிச்சத்தை எரிக்கக் கூடாது என்பது விதி. விதியைப் படித்தவள் அவள் ஒருத்திதான்.

புதன்கிழமை மாலை இருட்டறையிலிருந்து வந்த டெக்னீஷியன், "ஒண்ணும் இல்ல. சுத்தம்" என்றார். அறிக்கை தட்டச்சாகி டாக்டரின் மேசைக்குப் போனது.

அன்று அவள் வீட்டில் சோறு பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். கணவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டார்: "என்ன, இன்னொரு மெமோவா?"

"வாயத் திறந்தா வரும்."

"திறக்கலைன்னா?"

"எனக்கு ஒண்ணும் வராது. அந்த ஆளுக்கு வரும்."

அவர் நூலைப் பல்லால் கடித்தார். "பரண்ல ஒரு மெமோ வைக்க இடம் இருக்கு. பாத்துட்டுத்தான் சொல்றேன்."

வியாழக்கிழமை எட்டரை மணிக்கு டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றியபோது அவள் மேசைக்கு முன் நின்றாள். கையில் தாள், கையேடு, டப்பா எண் எழுதிய சீட்டு. பதினோரு ஆண்டுகளுக்கு முன் அவள் வெறுங்கையோடு நின்ற அதே இடம்.

"என்னம்மா?"

"சார், ரிப்போர்ட்டுல ஒரு வரி மட்டும் சேத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"என்ன வரி?"

"மூளைத்தண்டின் இடப்பக்கம் மட்டும் பரிசோதிக்கப்பட்டது."

டாக்டர் பேனாவைப் பிடித்தபடியே அவளைப் பார்த்தார். தவறு என்று அவள் சொல்லவில்லை. யார்மீதும் குற்றம் சாட்டவில்லை. நடந்ததை எழுதுங்கள் என்று மட்டுமே கேட்டாள். ஆனால் அந்த வரியை எழுதிவிட்டு, அதன் கீழேயே "நோய் இல்லை" என்று எழுத எந்த டாக்டராலும் முடியாது.

"நீ எதுவரைக்கும் படிச்சிருக்கே?"

"எட்டாவது சார். இந்தப் புத்தகத்தை நாலு தடவை."

அவர் நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் படித்தார். சொல்லுக்குச் சொல் மேலே பென்சிலால் எழுதியிருந்த தமிழ்ப் பொருளையும் படித்தார். பிறகு தாளைப் படித்தார். வெளியே யாரோ வாளியைத் தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள்.

"மறுபாதி எங்க?"

"குளிர்பெட்டியில. ரெண்டாவது தட்டு."

டெக்னீஷியன் அழைக்கப்பட்டார். இந்த முறை அவர் எலும்பை ஒவ்வொரு சில்லாக அகற்றி, வலப்பாதியை முழுதாக எடுத்து ஒற்றினார். அசிட்டோன், சாயம், வெதுவெதுப்பான பெட்டியில் அரைமணி. பிறகு கழுவல். அவள் அன்று கழுவியது போல் அதற்குமுன் கழுவியதில்லை. நீர் தன் வேலையைச் செய்யட்டும் என்று கையைச் சற்றும் அவசரப்படுத்தாமல் கழுவினாள். நோய் இல்லாவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. அப்படி மிஞ்சாமல் போகட்டும் என்றுதான் மனம் வேண்டிக்கொண்டது. தான் பொய்த்துப்போனாலும் சரி, அந்த மனிதர் ஊசிக்குப் பயந்தபடியே நூறாண்டு இருக்கட்டும்.

இருட்டறையில் டாக்டர் குனிந்தார். ஸ்லைடை ஒரு மயிரிழை நகர்த்தினார். இன்னொரு மயிரிழை. பிறகு நெடுநேரம் அசையவில்லை. அவர் எழுந்ததும், இத்தனை ஆண்டுகளில் ஒரு தடவையும் செய்யாததைச் செய்தார். முக்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"பாரும்மா."

இடப்பக்கம் ஒரு புள்ளியும் இல்லாத அதே தண்டின் வலப்பக்கம் பச்சையாய் எரிந்துகொண்டிருந்தது. பசுவின் முகத்தில் ஒரு பக்கம் கவ்வியது நாய். கிருமி அந்தப் பக்கத்துத் தசையில் பதுங்கிக் கிடந்து, நரம்பைப் பிடித்து ஏறி, இரண்டு மாதத்தில் இந்தத் தண்டின் பாதியில் வந்து குடியேறி, மறுபாதிக்குப் போகுமுன்னரே ஒரு பெரிய உயிரைச் சாய்த்துவிட்டது. ஒரு விரல் அகலத்துக்குள் இந்தப் பக்கம் இருட்டு, அந்தப் பக்கம் வானம். அவளுக்கு வெற்றி என்று ஒன்றும் தோன்றவில்லை. இவ்வளவு சிறியது இவ்வளவு பொறுமையாக இருக்கிறதே என்றுதான் தோன்றியது. அந்தப் பொறுமைக்குள்ளேதான் மனிதனுக்கு நேரமும் இருக்கிறது. அது நடந்து வருவதற்குள் ஊசி உடம்புக்குப் பாடம் சொல்லி முடித்துவிடும்.

"போன் பண்ணு" என்றார் டாக்டர். "நீயே பண்ணு."

பால்காரர்தான் எடுத்தார். "பேப்பர் வந்துருச்சா அக்கா? ஒண்ணும் இல்லதானே?"

"இருக்கு. இன்னைக்கு மூணாம் நாள். ஆஸ்பத்திரி சாயங்காலம் வரைக்கும் உண்டு. உங்க வீட்டம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கா."

"அவங்ககிட்டக் குடுங்க. பின்வாசலைப் பூட்டச் சொல்லணும்."

எதிர்முனையில் அவர் அதை மனைவியிடம் சொல்வதும் கதவு தாழிடுவதும் கேட்டன. பிறகு மனைவியின் குரல் வந்தது. "பூட்டிட்டேன் அக்கா. செருப்பைப் போட்டுக்கிட்டிருக்காரு."

அறிக்கை போனது. அதில் அவள் பெயர் இல்லை. இருக்க இடமும் இல்லை. ஆனால் அடுத்த மாதம் அச்சாகி வந்த புதிய படிவத்தில் ஒரு வரி கூடியிருந்தது: மூளைத்தண்டு முழுக் குறுக்குவெட்டு, ஆம் அல்லது இல்லை. பழைய மெமோவைப் பற்றி டாக்டர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. புதிய படிவத்தில் ஒன்றை எடுத்துப்போய்ப் பரணில் மெமோவுக்கு மேலே வைத்தாள். டெக்னீஷியன் மட்டும், அடுத்த மாட்டுத்தலை வந்த அன்று, கத்தியைக் கையில் பிடித்தபடி, "அக்கா, நாப்பத்தொண்ணாம் பக்கத்தைக் கொஞ்சம் சொல்லுங்க" என்றார்.

இருபத்தெட்டாம் நாள் ஊசி முடிந்த மறுவாரம் பால்காரர் வந்தார். ஐந்து தேதிகளும் முத்திரையிட்ட அட்டையை அவளிடம் நீட்டினார். "உங்களுக்குப் பேப்பர்னா புடிக்கும்னாங்க."

அவள் அட்டையை நகலெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். வெயிலில் வந்தவர் தண்ணீர் கேட்டார். டம்ளரை வாங்கியவர் சற்றுத் தயங்கினார்.

"இந்த ஒரு மாசமா ஒவ்வொரு தடவை தண்ணி குடிக்கும்போதும் பயந்துக்கிட்டேதான் குடிச்சேன். தொண்டைக்குள்ள போகுதான்னு பாத்துக்கிட்டே. அவ வேற எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பா."

"இப்பக் குடிங்க. நானும் பாக்குறேன்."

அவர் தலையைச் சற்றுப் பின்சாய்த்துக் குடித்தார். நாக்கு பின்வாங்கிற்று, மூச்சுக்குழல் தானே மூடிக்கொண்டது, தொண்டைக்குமிழ் மேலே ஏறி இறங்கிற்று. இத்தனை தசைகள், இத்தனை நரம்புகள், அத்தனைக்கும் ஆணை போவது விரலகலம்கூட இல்லாத அந்தத் தண்டிலிருந்து. யாரும் சொல்லிக்கொடுக்காமல், யாரும் எழுதி வைக்காமல், பிறந்த நாளிலிருந்து ஒரு தடவையும் தவறாமல் அது நடந்துகொண்டிருக்கிறது.

டம்ளர் காலியாகும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். பென்சிலை எடுக்கத் தோன்றவில்லை.

"இன்னும் கொஞ்சம் குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள்.